வட்டியில்லா வங்கியைத் தாங்கும் தூண்கள்: மலேசியா கட்டியதும் இந்தியா கட்டாததும்

1983 ஜூலை 1 அன்று மலேசியாவின் முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாம் தன் பணிகளைத் தொடங்கியது. வட்டி வாங்குவதில்லை, வட்டி கொடுப்பதில்லை என்பதே அவ்வங்கி தோன்றியதற்கான நியாயம். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாடு அதன் வாசலில் நின்றது. எந்த வங்கியும் தான் பெறும் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை, வேண்டும்போது உடனே பணமாக்கத்தக்க சொத்துகளாக வைத்திருக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை விதி. அத்தகைய சொத்துகளாக அன்று சந்தையில் கிடைத்தவை அரசின் கடன்பத்திரங்களும் கருவூல உண்டியல்களுமே. அவை யாவும் வட்டி ஈட்டுபவை. வட்டியைத் தவிர்க்கவென்றே பிறந்த வங்கி, சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்காக வட்டியைச் சுமக்க நேரும் நிலை.

மலேசிய அரசு இதற்குக் கண்ட தீர்வு ஒரு தனிச் சட்டம். இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1983ஆம் ஆண்டில் அரசு முதலீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன்கீழ் அரசு முதலீட்டுச் சான்றிதழ்கள் வெளியிடப்பட்டன. வங்கி அரசுக்குக் கொடுக்கும் பணம் ‘கர்ள் ஹஸன்’, அதாவது கைம்மாறு கோராத அழகிய கடன், எனக் கொள்ளப்பட்டது. முதலைத் திருப்பித் தருவதாக மட்டுமே அரசு உறுதி கூறியது. அதற்கு மேல் ஏதேனும் தருவது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. முன்கூட்டி நிர்ணயிக்கப்படாத அத்தொகை வட்டி ஆகாது என்பது அதன் தருக்கம்.

இஸ்லாமிய நிதியியல் வரலாற்றில் வங்கி திறக்கப்பட்ட நாள் பெரிதாகப் பேசப்படுகிறது. அவ்வங்கி நிற்பதற்காக இயற்றப்பட்ட இந்தச் சிறிய சட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இப்பதிவின் மையக் கருத்து இதுதான்: வட்டியில்லா நிதியமைப்பு என்பது ஒரு வங்கியோ ஓர் ஒப்பந்த வடிவமோ அன்று; அதைச் சுற்றி எழுப்பப்படும் துணைக் கட்டமைப்பே அதன் உயிர். இந்தியாவில் இச்சிந்தனைக்கு அறிவாளர்களும் இருந்தார்கள், எளிய மக்களின் நடைமுறையும் இருந்தது. துணைக் கட்டமைப்பு மட்டும் எழவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரண வைப்பாளர்கள்.

துணைக் கட்டமைப்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வழக்கமான வங்கி ஒன்று தனித்து நிற்பதாக நமக்குத் தோன்றலாம். உண்மையில் பல தாங்குகோல்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. மாலையில் பணம் குறைந்தால் மற்றொரு வங்கியிடம் ஓரிரவுக் கடன் பெறலாம். நெருக்கடி முற்றினால் மத்திய வங்கி கடைசிப் புகலிடமாக இருக்கும். வங்கி வீழ்ந்தால் சிறுவைப்பாளர்களுக்கு வைப்புக் காப்பீடு உண்டு. ஒப்பந்தம் மீறப்பட்டால் தீர்ப்பளிக்க, அவ்வொப்பந்தத்தின் இயல்பறிந்த நீதிமன்றங்கள் உண்டு. கணக்குகளை ஒப்பிடத் தரநிலைகளும், இலாபத்தைக் கணிக்க வரிச்சட்டமும் உண்டு. இவை ஒவ்வொன்றும் வட்டியை இயல்பான ஒன்றாகக் கொண்டே உருவானவை. ஆகவே வட்டியை விலக்கும் வங்கி, இத்தாங்குகோல்கள் ஒவ்வொன்றுக்கும் மாற்றுத் தேட வேண்டியுள்ளது.

தாங்குகோல் இல்லாத முயற்சிக்கு எகிப்து ஒரு முற்கால எடுத்துக்காட்டு. 1963இல் நைல் கழிமுகத்திலுள்ள மித் கம்ர் என்னும் ஊரில் அஹ்மத் அல்நஜ்ஜார் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியின் வட்டாரச் சேமிப்பு வங்கிகளே அவருக்கு முன்மாதிரி. வட்டியின்றிச் சேமிப்புப் பெற்று, சிறு உழவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கடனும் முதலீடும் வழங்கிய அம்முயற்சிக்கு மக்கள் ஆதரவு இருந்தது. ஆயினும் அதைக் காக்கத் தனிச் சட்டமில்லை. அதன் இயல்பை ஏற்ற மேற்பார்வை அமைப்பும் இல்லை. 1967இல் அது அரசு வங்கிகளின் கைக்குச் சென்று வட்டி அடிப்படைக்கே திரும்பியது. மக்கள் நம்பிக்கை மட்டும் ஒரு நிதி நிறுவனத்தை நிலைநிறுத்தப் போதாது என்பதை அந்நான்கு ஆண்டுகள் காட்டின.

அதே 1963இல் மலேசியாவில் தொடங்கிய மற்றொரு நிறுவனம் இன்றும் நிலைத்திருக்கிறது. மலாய்க் கிராம மக்கள் ஹஜ் பயணத்துக்காகப் பணத்தை வீட்டிலேயே ஒளித்துச் சேர்ப்பதும், நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுவிட்டுச் செல்வதும், திரும்பியபின் வறுமையில் வீழ்வதும் வழக்கமாக இருந்தது. வட்டி கலந்த பணத்தில் ஹஜ் செய்ய அவர்கள் விரும்பாததால் வங்கிகளை நாடவில்லை. பொருளியலாளர் உங்கு அஜீஸ் 1959இல் இதற்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் விளைவாக 1963இல் ஹஜ் பயணிகளுக்கான சேமிப்புக் கழகம் உருவாயிற்று. 1969இல் அது ஹஜ் விவகார அலுவலகத்துடன் இணைக்கப்பட்டு, பின்னாளில் தாபோங் ஹாஜி என அறியப்பட்ட அமைப்பாயிற்று. மித் கம்ருக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, இது சட்டத்தின் பின்புலத்தோடு பிறந்தது என்பதே. மேலும், பல ஆண்டுகள் நிலைத்திருக்கும் ஹஜ் சேமிப்பு என்பதால் அன்றாடப் பணத்தட்டுப்பாடு அதற்கு நேரவில்லை. அன்றாடம் பணம் வருவதும் போவதுமான முழுமையான வங்கி 1983இல் தோன்றியபோதுதான் மற்றத் தாங்குகோல்களின் தேவை எழுந்தது.

அதன்பின் மலேசியா செய்தவற்றைக் கால வரிசையில் நோக்கினால், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாட்டுக்கு விடையாக எழுந்தது புலப்படும். கடன் பெற்றவரின் வீட்டுக்கும் உயிருக்கும் காப்பீடு தேவைப்பட்டது. வழக்கமான காப்பீட்டில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதாகக் கருதப்பட்டது. எனவே 1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. உறுப்பினர்கள் ஒரு பொது நிதிக்குக் கொடையாகப் பங்களித்து, இழப்புற்றவருக்கு அதிலிருந்து உதவும் கூட்டுப் பொறுப்பு முறை அது. ஒரே வங்கியால் ஒரு சந்தை உருவாகாது என்பதால் 1993இல் வழக்கமான வங்கிகளும் வட்டியில்லாச் சேவைப் பிரிவுகளைத் திறக்க அனுமதிக்கப்பட்டன. அவ்வாறு பல நிறுவனங்கள் வந்தபின், 1994 ஜனவரியில் வங்கிகளுக்கிடையேயான இஸ்லாமியப் பணச்சந்தை தொடங்கியது. பணம் மிகுந்த வங்கி, பணம் குறைந்த வங்கியிடம் ஓரிரவு முதல் ஓராண்டு வரை ‘முளாரபா’ முறையில், அதாவது இலாபத்தைப் பகிரும் உடன்படிக்கையில், பணத்தை இட வழி பிறந்தது. பெருநிறுவனங்கள் நீண்டகால நிதி திரட்டுவதற்கு 1990இலேயே ஷெல் நிறுவனத்தின் மலேசியக் கிளை 125 மில்லியன் ரிங்கிட் சுகூக் வெளியிட்டு வழிகாட்டியிருந்தது. 2002இல் மலேசிய அரசே 600 மில்லியன் டாலர் மதிப்பில் பன்னாட்டுச் சந்தையில் சுகூக் வெளியிட்டது.

இவற்றைவிடச் சிக்கலான வினா, எது ஷரீஆவுக்கு உடன்பட்டது என்று இறுதியாகச் சொல்வது யார் என்பது. தொடக்கத்தில் ஒவ்வொரு வங்கியும் தனக்கென அறிஞர் குழு வைத்திருந்தது. ஒரு குழு ஏற்றதை மற்றொன்று மறுத்தால் வாடிக்கையாளரும் நீதிமன்றமும் எங்கே போவது? 1997இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் ஷரீஆ ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. ஆயினும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 2008இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வீட்டுக்கடனில் பரவலாகப் பயன்பட்ட விற்பனை ஒப்பந்த முறையைக் கேள்விக்கு உட்படுத்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அந்நிலைப்பாட்டை மாற்றியது. அதற்கிடையில் பல்லாயிரம் ஒப்பந்தங்களின் கதி ஐயத்துக்குள்ளாயிற்று. 2009ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம், ஷரீஆ வினாக்களில் அக்குழுவின் முடிவு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என வகுத்தது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒரு குழுவிடம் ஒப்படைப்பது அரசமைப்புக்கு ஏற்றதா என்னும் வினா கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அவ்விதி செல்லும் என்றனர், நால்வர் மறுத்தனர். ஒரே ஒரு வாக்கில் நின்ற இத்தீர்ப்பு, துணைக் கட்டமைப்பு என்பது தொழில்நுட்ப ஏற்பாடு மட்டுமன்று, அரசமைப்பையே தொடும் அரசியல் தெரிவு என்பதைக் காட்டுகிறது.

வைப்பாளரின் பாதுகாப்பு இன்னொரு தூண். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான மலேசிய வைப்புக் காப்பீட்டுக் கழகம், இஸ்லாமிய வைப்புகளுக்கும் வழக்கமான வைப்புகளுக்கும் தனித்தனி நிதிகளை வைத்தது. 2013ஆம் ஆண்டு இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் மேலும் ஒரு தெளிவைக் கொண்டுவந்தது. முதலுக்கு உறுதியுள்ளது ‘வைப்பு’. இலாப நட்டத்தில் பங்குள்ளது ‘முதலீட்டுக் கணக்கு’. முன்னதற்குக் காப்பீடு உண்டு, பின்னதற்கு இல்லை. தான் எந்த இடரை ஏற்கிறோம் என்பதை வாடிக்கையாளர் அறிந்தே கையொப்பமிட வேண்டும். இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். இந்தியாவைப் பற்றிப் பேசும்போது இதற்கே திரும்ப வேண்டியிருக்கும்.

நாடுகளைக் கடந்த அமைப்புகளும் தேவைப்பட்டன. முளாரபா முறையில் பணம் இட்டவர் கடன்கொடுத்தவரும் அல்லர், பங்குதாரரும் அல்லர். அவர் பணத்தை ஐந்தொகையின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதற்கே வழக்கமான கணக்கியலில் விடையில்லை. 1991இல் பஹ்ரைனில் பதிவுபெற்ற இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் மற்றும் தணிக்கை அமைப்பு, கடனுக்கும் பங்குமூலதனத்துக்கும் இடையே தனி இனம் ஒன்றை அதற்கு வகுத்தது. 2002இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம், மூலதனப் போதுமை, இடர் மேலாண்மை ஆகியவற்றுக்கான தரநிலைகளை 2005 முதல் வெளியிட்டது. நாடுகளுக்கிடையே குறுகியகால சுகூக் கிடைக்காத குறையைப் போக்க 2010இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் உருவாகி, 2013இல் முதல் வெளியீட்டைச் செய்தது. சட்டமும் நிதியும் ஃபிக்ஹும் ஒருங்கே அறிந்தவர்களைப் பயிற்றுவிக்க 2005இல் மலேசியா ஒரு தனி உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது.

இனி இந்தியாவுக்கு வருவோம். இச்சிந்தனையின் தொடக்க வரலாற்றை எழுதும் எவரும் ஹைதராபாத்தையும் அலிகரையும் தவிர்த்துவிட இயலாது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முஹம்மத் ஹமீதுல்லாஹ், ஹைதராபாத்தில் இயங்கிய வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி எழுதி அவற்றை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் அன்வர் இக்பால் குரைஷி, வட்டிக் கோட்பாட்டை இஸ்லாமிய நோக்கில் ஆராயும் நூலை 1940களிலேயே எழுதினார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முஹம்மத் நஜாத்துல்லாஹ் சித்தீக்கீ, வட்டியில்லா வங்கி எவ்வாறு இயங்கும் என்பதை விளக்கும் உருது நூலை 1969இல் வெளியிட்டார். பாரசீக வளைகுடா நாடுகளில் முதல் இஸ்லாமிய வணிக வங்கிகள் தோன்றுவதற்கு முன்னரே எழுதப்பட்ட வரைபடம் அது. 1978இல் அவர் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; 1982இல் மன்னர் பைசல் விருது பெற்றார். வரைபடம் இங்கே எழுதப்பட்டது. கட்டடம் வேறிடங்களில் எழுந்தது.

நடைமுறையும் இங்கு இல்லாமலில்லை. 1960களில் தேவ்பந்தில் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டும், அதைப் பின்பற்றி உத்தரப் பிரதேசத்தின் பிற ஊர்களில் எழுந்தவையும், மக்களிடம் வட்டியின்றிச் சேமிப்புப் பெற்று நகைகளை அடகாகக் கொண்டு வட்டியின்றிக் கடன் வழங்கின. செலவை ஈடுசெய்ய விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு கட்டணம் பெற்றன. தமிழக ஊர்களின் ஜமாஅத்துகளில் பைத்துல்மால்கள் செய்துவரும் பணியும் இதன் உறவினமே. ஏழைக் குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காத்ததில் இவற்றின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் இவை அறக்கட்டளைகளாகவும் சங்கங்களாகவும் இருந்தன, வங்கிகளாக இல்லை. மிகுந்த பணத்தை வட்டியின்றி முதலிட வழியில்லை. பணம் குறைந்தால் கைகொடுக்கச் சந்தையில்லை. வைப்புக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டுமே உரியதாகையால் இவற்றின் வைப்பாளர்களுக்கு அது கிட்டவில்லை. சிறிதாக இருக்கும்வரை நேர்மையே போதுமானதாக இருந்தது. வளர்வதற்கு நேர்மை மட்டும் போதவில்லை.

இவை வங்கிகளாக மாறத் தடையாக நின்றது எது? 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைப் படித்தால் விடை கிடைக்கும். வைப்பு என்பது திருப்பிச் செலுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது ஐந்தாம் பிரிவின் வரையறை. நட்டத்தில் பங்கேற்கும் முளாரபா வைப்பு அதில் அடங்காது. பொருள்களை வாங்கி விற்பதை எட்டாம் பிரிவு வங்கிகளுக்குத் தடைசெய்கிறது. வாங்கி, இலாபம் சேர்த்து விற்கும் முராபஹா முறைக்கு அங்கேயே கதவு அடைபடுகிறது. தன் சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழாண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதை ஒன்பதாம் பிரிவு தடுக்கிறது. வீட்டை வாங்கி நீண்டகாலம் வாடகைக்கு விடும் இஜாரா முறைக்கு அது இடையூறு. சட்டப்பூர்வ நீர்மை விகிதத்துக்கான இருபத்து நான்காம் பிரிவு, ரொக்கமும் தங்கமும் நீங்கலாக, வட்டி தரும் அரசுப் பத்திரங்களையே நாடச் செய்கிறது. 1983இல் கோலாலம்பூரில் எழுந்த அதே முரண்பாடு இது. அங்கே அதற்கு ஒரு சட்டம் பிறந்தது; இங்கே பிறக்கவில்லை.

வரியிலும் இதே நிலை. வங்கி ஒரு வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்றால் இரண்டு கிரயங்கள். எனவே இருமுறை முத்திரைத் தீர்வை. பிரிட்டன் இந்த இரட்டைச் சுமையை 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் நீக்கியது. ஒரு மதத்துக்குச் சலுகை என்று அங்கே அது கருதப்படவில்லை. ஒரே பயனைத் தரும் இரு ஒப்பந்தங்களுக்கு ஒரே வரி என்னும் சமன்மைக் கொள்கையாகக் கொள்ளப்பட்டது. இந்தியாவில் முத்திரைத் தீர்வை பெரிதும் மாநிலங்களின் கையில் இருப்பதால், மாற்றம் மாநிலந்தோறும் நிகழ வேண்டியதாகிறது.

இவ்வினா அரசின் பார்வைக்கு வராமலில்லை. 2005இல் ரிசர்வ் வங்கி அமைத்த ஆனந்த் சின்ஹா குழு, நடப்பிலுள்ள சட்டங்களின்கீழ் இது இயலாது என்றது. திட்டக்குழு அமைத்த ரகுராம் ராஜன் குழு 2008இல், வட்டியில்லா வங்கிச் சேவையையும் நிதி உள்ளடக்கத்தின் ஒரு கூறாகப் பரிந்துரைத்தது. 2015இல் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைப் பிரிவு திறக்கலாம் என்றது. மலேசியா 1993இல் சென்ற வழியும் அதுவே. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கேற்ற நிதி நிறுவனத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. அந்நிறுவனம் வங்கியாக அன்றி வங்கிசாரா நிதி நிறுவனமாகவே பின்னர் இயங்கத் தொடங்கியது. இறுதியில் 2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட வினாவுக்கு, எல்லாக் குடிமக்களுக்கும் நிதிச் சேவைகளைப் பெறப் பரந்த, சமமான வாய்ப்புகள் இருப்பதைக் கருதி இத்திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என முடிவு செய்ததாக ரிசர்வ் வங்கி விடையளித்தது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். பங்குச் சந்தையில் இதே கருத்து எளிதாக வேரூன்றியது. 1996இல் தொடங்கிய டாடா நிறுவனத்தின் பரஸ்பர நிதி ஒன்று ஷரீஆ வரம்புக்கு உட்பட்டு முதலிட்டு வந்தது. 2010 டிசம்பரில் மும்பைப் பங்குச் சந்தை ஷரீஆ குறியீட்டெண் ஒன்றை வெளியிட்டது. மதச்சார்பின்மை பற்றிய பெருவிவாதம் எதுவும் அப்போது தடையாகவில்லை. காரணம், பங்கு என்பதே இலாப நட்டப் பகிர்வு. அதற்கான சட்டமும் மேற்பார்வையும் ஏற்கெனவே இருந்தன. துணைக் கட்டமைப்பு இருந்த இடத்தில் கருத்து நிலைகொண்டது. இல்லாத இடத்தில் நிலைகொள்ளவில்லை.

நிலைகொள்ளாத இடம் வெற்றிடமாக இருக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் துயரம். 2019இல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தபோது, பெரும்பாலும் முஸ்லிம்களான பல்லாயிரம் எளிய முதலீட்டாளர்கள் தம் சேமிப்பை இழந்து தெருவில் நின்றனர். திருமணத்துக்கும் கல்விக்கும் முதுமைக்கும் சேர்த்த பணம் அது. அந்நிறுவனம் தான் பெற்றதை ‘வைப்பு’ என்று சொல்லவில்லை. பணம் கொடுத்தவர்களைக் கூட்டாளிகளாகப் பதிவுசெய்தது. இலாபப் பகிர்வு என்னும் மொழி, சட்டத்தின் கண்ணுக்கும் சமயத்தின் கண்ணுக்கும் ஒருங்கே திரையாயிற்று. முன்னர்க் குறிப்பிட்ட வேறுபாடு இங்கே பொருள்பெறுகிறது. வைப்பு எது, முதலீடு எது, எதற்குக் காப்பீடு உண்டு என்று சட்டம் சொல்லும் நாட்டில், வாடிக்கையாளர் கேட்பதற்கு ஒரு கேள்வியும் புகார் செய்வதற்கு ஓர் இடமும் உண்டு. அவ்வாண்டே நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. தவறானதைத் தடுக்கச் சட்டம் வந்தது; சரியானதற்கு வழி திறக்கும் சட்டம் வரவில்லை.

மலேசிய அனுபவத்தைக் குறையற்றதாகக் காட்டுவது என் நோக்கமன்று. துணைக் கட்டமைப்பு வளர வளர, வழக்கமான வங்கிச் சேவைகளின் நிழல்களாகவே இஸ்லாமிய ஒப்பந்தங்கள் வடிவெடுத்தன என்னும் விமரிசனம் வலுவானது. அரசு முதலீட்டுச் சான்றிதழ்களே பின்னர் அழகிய கடன் அடிப்படையைக் கைவிட்டு, விற்று உடனே திரும்ப வாங்கும் ‘ஈனா’ முறைக்கு மாறின. மத்திய கிழக்கின் அறிஞர் பலர் அம்முறையை ஏற்பதில்லை. இலாப நட்டப் பகிர்வை இலட்சியமாக வரைந்த சித்தீக்கீயே, பொருளை இடையில் வைத்துப் பணத்தைப் பணத்துக்கு மாற்றும் ‘தவர்ருக்’ முறையின் கேடுகளைப் பிற்காலத்தில் சுட்டிக்காட்டினார். ஆயினும் இவ்விமரிசனமும் நிறுவனங்கள் இருந்ததால்தான் இயன்றது. விவாதிக்கச் சான்றிதழ்களும் தீர்ப்புகளும் தரநிலைகளும் அங்கே ஆவணங்களாக உள்ளன. இங்கே முஸ்லிம் ஃபண்டுகளின் கணக்கேடுகளே முறையாகத் தொகுக்கப்படவில்லை. இதில் ஈடுபட விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்கு அது காத்திருக்கும் பணி.

இந்தியாவில் இவ்விவாதம் எழும்போதெல்லாம், மதச்சார்பற்ற அரசு ஒரு மதத்தின் வங்கியை அனுமதிக்கலாமா என்னும் வினாவே முன்னிற்கிறது. வரலாறு நம்மை வேறு வினாக்களுக்கு இட்டுச் செல்கிறது. வட்டியை விரும்பாத குடிமகன் ஒருவர் தன் சேமிப்பை எங்கே வைப்பார்? அங்கே அதற்குப் பாதுகாப்பு யாது? அது காணாமற்போனால் பொறுப்பேற்பவர் யார்? 1983இல் மலேசியா ஒரு சிறு சட்டத்தின் மூலம் இவ்வினாக்களுக்கு விடைகாணத் தொடங்கியது. நாம் அவற்றை வினாக்களாகவே இன்னும் எழுப்பவில்லை.